நடக்க மறுக்கும் நாய்க்கு முதலில் மருத்துவர்தான் வேண்டும்

திருநெல்வேலியின் பேட்டை, டவுன் பகுதிகளில் காலையும் மாலையும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலருக்கு ஒரு நாள் புரியாத சிக்கல் ஒன்று வந்து சேர்கிறது. நேற்றுவரை சங்கிலியைக் கையில் எடுத்தாலே வாசலுக்கு ஓடிய நாய், இன்று தெருமுனையில் நின்றுவிடுகிறது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்குகிறது, காது பின்னால் படிகிறது, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது. பிஸ்கட்டை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பயப்படும்படி அங்கே எதுவும் நம் கண்ணில் படாததால், வீம்பு என்கிறோம், செல்லம் கூடிப்போய்விட்டது என்கிறோம், எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்றும் சொல்லிக்கொள்கிறோம். பிறகு கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கிறோம், பயிற்சியாளரைத் தேடுகிறோம், அல்லது நடையையே நிறுத்திவிடுகிறோம். மூன்றுமே அவசர முடிவுகள். வளர்ந்த நாய்க்குத் திடீரென்று பயம் வந்தால், அப்படியில்லை என்று தெரியும்வரை, அதை உடல்நலக் குறையின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். பத்துக்கு மூட்டு, தசை சார்ந்த வலி இருந்தது. மற்ற பத்துக்கு இல்லை. வலி உள்ள நாய்களுக்குப் பயம் தொடங்கிய வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளியிருந்தது. அவற்றின் பயம் சத்தத்தோடு நிற்காமல், சத்தம் கேட்ட இடத்துக்கும் எதிரே வரும் மற்ற நாய்களுக்கும் பரவியிருந்தது. திடுக்கிடும்போது உடம்பு இறுகுகிறது, இறுகினால் மூட்டு வலிக்கிறது, வலித்த இடத்தை நாய் மறப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வலிக்கு மருந்து கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. இருபது நாய்களை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அதே மில்ஸ் குழுவினர் 2020இல், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களைப் போன்ற நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளைத் திரும்பிப் பார்த்தபோது, குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோவொரு வலி இருந்தது. நிபுணர்வரை போன விலங்குகளின் கணக்கை எல்லா நாய்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் முதலில் வலியைத் தேடு என்று சொல்ல அது போதும்.

நம் ஊரில் தேடுவதற்கும் நிறையவே இருக்கிறது. விரலிடுக்கில் ஒடிந்து நிற்கும் சீமைக்கருவேல முள், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெந்துபோன பாதம், காதுக்குள் சீழ், உண்ணி கடித்து வரும் காய்ச்சல் என்று பட்டியல் நீளும். உண்ணிக் காய்ச்சல் மூட்டையும் சில நேரம் கண்ணையும் பாதிக்கும். லேப்ரடார் போன்ற கனத்த இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். வயதான நாய் காலையில் ஒழுங்காக நடந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் மட்டும் நின்றால் கண்ணைப் பார்க்க வேண்டும். நாய் படுக்கையிலிருந்து எழுவதையும் படி ஏறுவதையும் தெருவில் நின்றுவிடுவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவமனை மேசையில் ஏற்றிவிட்டால், பதற்றத்தில் நொண்டலைக்கூட மறைத்துவிடும். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும்போது பேட்டைக்காரர்கள் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை.

எல்லாப் பயமும் நோயல்ல. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட இளம் நாய்கள் பழகிய பொருளைக் கண்டே சில நாள் மிரளும், தானாகவே தெளியும். சத்தம் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாயின் காது 45,000 வரை போகிறது. அங்கே ஒன்றுமில்லை என்பது நம் காதின் தீர்ப்பு. தீபாவளி வெடிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வகுத்திருக்கிறது. சாவு ஊர்வலத்தில் போடும் வெடிக்கு அப்படி நேரம் பார்ப்பதில்லை. ஊர்வலம் போன தெருவில் வெடிச்சத்தத்தில் சிக்கிய நாய், மறுவாரமும் அங்கே நின்றால் அது வீம்பல்ல.

அப்படியானால் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கினால் சரியாகிவிடாதா என்பார்கள். ஆகாது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது, ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுக்குள்ளேயே மூழ்கும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டன. அவற்றில் சில, கற்ற பழக்கங்களை இழந்தன. மாதங்கள் கழித்து, தேறிவிட்ட நாய் இருந்த அறைக்குள் கதவடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய கலக்கம் திரும்பியது. தப்பிக்க வழியில்லாமல் அனுபவித்த பயம் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. பயந்த இடத்துக்குக் கழுத்தை நெரித்து இழுத்துப்போவது, அந்தப் பதிவின் மேல் இன்னொன்றைப் போடுவதாகும். பயம் எழாத தூரத்தில் நின்று, பிடித்த தீனி கொடுத்து, நாளுக்கு நாள் அருகே போவதே வழி. தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்ற நம்பிக்கையையும் கைவிடலாம். பயம் கூலிக்காகச் செய்யும் வேலையல்ல, ஆறுதல் கொடுத்தால் கூடுவதற்கு.

2024இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவான நிலையில், நாயின் பயத்தைப் பற்றி எழுத வேண்டுமா என்ற கோபம் புரிகிறது. கடிபட்ட குழந்தையின் வீட்டார் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் பல நேரம் ஒதுங்க இடமில்லாமல் சிக்கிக்கொண்ட நாய்தான் கடிக்கிறது. பட்டையை உருவிக்கொண்டு தென்காசிச் சாலையில் பேருந்துக்குக் குறுக்கே ஓடுவதும் அதுதான். வெறிநோய்கூடச் சில நாய்களில் காரணமில்லாத மிரட்சியாகவும் இருட்டில் ஒதுங்குவதாகவுமே தொடங்குகிறது. தடுப்பூசி போடாத நாய் திடீரென்று இப்படி மாறினால், வாயருகே கையைக் கொண்டுபோகாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் தடுப்பூசி முகாம்களில் ஊசி போட்டு அனுப்புவதோடு நிற்காமல், 'நடக்கும்போது புதிதாக எதற்காவது பயப்படுகிறதா?' என்ற கேள்வியையும் கால்நடை பராமரிப்புத் துறை சேர்த்துக்கொள்ளட்டும். அதற்குத் தனிச் செலவு கிடையாது. வரிசையில் நிற்கிற நாய்களில் முள்ளோடும் மூட்டுவலியோடும் நிற்பவை எவை என்று அங்கேயே தெரியத் தொடங்கும்.