சேலையைத் திருப்பிப் பாருங்கள்!

மகாராஜபுரத்திலிருந்து ராஜபாளையம் பக்கம் ஆலை வேலைக்குப் போய்வரும் ஒரு பெண் தொழிலாளி, தீபாவளி போனஸில் மகளுக்குச் சேலை எடுத்தார். "அசல் போச்சம்பள்ளி, கையால் நெய்தது" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கேட்ட விலையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த சுந்தரபாண்டியத்து நெசவாளி ஒருவர் சேலையை வாங்கி உள்பக்கம் திருப்பினார். "அக்கா, இது நெய்த பூ இல்லை, மேலே அடிச்ச பூ" என்றார். உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. நாளெல்லாம் நூல் நூற்கும் கையையே நூலின் பெயரால் ஏமாற்றிவிட்டார்கள்!

இது அந்த அம்மாளின் நஷ்டம் மட்டுமா? இல்லை. அந்த ஒரு விற்பனையிலேயே எங்கோ ஒரு நெசவாளியின் கூலியும் களவு போயிற்று.

தெலங்கானாவின் போச்சம்பள்ளி, ஒடிசாவின் சம்பல்பூர், குஜராத்தின் பாடண் ஆகிய ஊர்களின் சேலைகளை 'இக்கத்' என்கிறார்கள். மலாய் மொழிச் சொல். பொருள் 'கட்டு' என்பதே. நெய்த துணியில் இங்கே பூப் போடுவதில்லை. நெய்வதற்கு முன்பே நூலைக் கணக்குப் பார்த்துப் பகுதி பகுதியாக இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, அடுத்த சாயம். பிறகே தறியில் ஏற்றுகிறார்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் இப்படிச் சாயமிட்டுப் பூவோடு பூ பொருந்த நெய்யும் பாடண் பட்டுச் சேலை ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு. குடும்பமே உட்கார்ந்து உழைக்கும் வேலை இது.

ஆகவே, வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: கட்டிச் சாயமிட்டதா, அச்சடித்ததா? சேலையைத் திருப்புங்கள். நூலிலேயே சாயம் ஏறியிருந்தால் இரு பக்கமும் ஒரே நிறம். பூவின் ஓரம் சற்றே கலங்கித் தெரியும். அச்சு என்றால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். உள்பக்கம் பெரும்பாலும் மங்கியிருக்கும்.

இரண்டாவது கேள்வி: கைத்தறியா, விசைத்தறியா? இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. கட்டிச் சாயமிட்ட நூலை விசைத்தறியிலும் ஓட்டலாம். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போச்சம்பள்ளி இக்கத்துக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவது நல்லது. எங்கே வாங்கினாலும் 'கைத்தறி' என்று எழுதிய ரசீதைக் கேளுங்கள். வாயால் சத்தியம் செய்பவர் கையால் எழுதத் தயங்கினால், அதுவே பதில்!

"கைத்தறி விலை நமக்குக் கட்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூலிக்காரர் மலிவான அச்சுச் சேலை உடுத்துவது குற்றமல்ல. அச்சுக்கு அச்சு விலை கொடுங்கள். அதைக் கைத்தறி என்று பொய் சொல்லி இரட்டை விலை பிடுங்குவதே குற்றம். கைத்தறிக்கென்று நாம் கொடுக்கும் அதிக விலை நெசவாளியிடம் போவதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிக்கின்றன. அப்படியானால் லாபம் யார் பெட்டியில்?

சட்டம் இல்லாமலில்லை. 1985-ம் வருஷத்துச் சட்டம் 22 இனங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. 1993-ல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் பட்டியல் பிறகு 11 ஆகச் சுருக்கப்பட்டது. கைத்தறிக்கான சிட்டா நூலை ஆலைகள் கட்டாயம் கொடுக்கவேண்டிய அளவும் 50 சதவீதத்திலிருந்து 2003-ல் 40 ஆகவும், 2019-ல் 30 ஆகவும் இறங்கிற்று. நூற்பவர் ராஜபாளையத்தில், நெய்பவர் சுந்தரபாண்டியத்தில். சுந்தரபாண்டியத்துப் பருத்திச் சேலை இக்கத் அல்ல. ஆனால் போலி 'கைத்தறி' அதன் வயிற்றிலும் அடிக்கிறது.

எனவே சர்க்காரைக் கேட்போம்: ஒதுக்கீட்டுச் சட்டத்தை அமல் நடத்து! போலி முத்திரையைப் பிடி! சிட்டா நூலைக் குறைக்காதே!

அடுத்த பண்டிகைக்குக் கடை ஏறும்போது, சேலையின் பகட்டான மேல்பக்கத்தைக் கடைக்காரர் காட்டட்டும். மறுபக்கத்தை நாம் பார்ப்போம்.