தோப்பா, தாங்கலா? தோண்டிப் பார்த்துச் சொல்லுவோம்



சில ஆண்டுகளுக்கு முன்பு மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த சிறு விவசாயி ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். தம் ஊர் ஏரிக்கு மேல்புறத்தில், மரங்கள் அடர்ந்த ஒன்றரை ஏக்கர் பட்டா நிலத்தைச் சித்திரை மாதத்தில் பார்த்து வாங்கியிருந்தார். காய்ந்த சருகு, கெட்டித் தரை, நல்ல நிழல். விலையும் குறைவு. மரங்களை வெட்டிவிட்டு மாங்கன்று நட்டார். ஐப்பசி மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தை பிறந்தும் வடியவில்லை. கன்றுகள் அத்தனையும் வேர் அழுகிப் போயின. "ஐயா, நான் தோப்பைத்தானே வாங்கினேன், குளத்தை வாங்கவில்லையே!" என்றார்.

அவர் வாங்கியது மரம் நிறைந்த ஒரு தாங்கல். கோடையில் பார்த்ததால் அது தோப்பாகத் தெரிந்தது. இந்தத் தவறு ஒருவரோடு நிற்பதில்லை. ஊராட்சிகளும், மனை போடுகிறவர்களும், சில சமயம் அதிகாரிகளும் இதே தவறைச் செய்கிறார்கள். மரம் இருந்தால் மேட்டு நிலம், தண்ணீர் தெரிந்தால்தான் நீர்நிலை என்று நினைக்கிறோம். இந்த நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

வெகுதூரம் போக வேண்டாம். நம் வட்டத்திலேயே இருக்கும் வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. அதன் உள்ளே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. மார்கழியில் போனால் தண்ணீருக்குள் மரம், மரத்தின் மேல் பறவை. நல்ல கோடையில் போனால் வறண்ட தரையில் ஒரு மரக்கூட்டம். இரண்டும் ஒரே இடம்தான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். அங்குள்ள பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டதன் பேரில், 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. ஊரார் காத்ததற்குக் காரணம் பறவைப் பாசம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாகச் சேர்க்கப்பட்டன. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971-இல் உருவான உடன்படிக்கை இது. இதன்படி, தண்ணீர் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, ஈரநிலம் ஈரநிலமே.

அப்படியானால், மரங்கள் உள்ள ஓரிடம் ஈரநிலமா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படை 1987-இல் வெளியிட்ட கையேடு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது: செடி, மண், தண்ணீர். பொதுவாக மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் விதி. இந்த முறை நமக்கும் பொருந்தும். மண்வெட்டி இருந்தால் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

முதல் சாட்சி: செடி

நீர்க்கடம்பு, சம்பு, கோரை, நீர்முள்ளி ஆகியவை தாமாக முளைத்துப் பெருகியிருந்தால் அந்த நிலம் நீர் தேங்கும் நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். தாழ்வான தரையில் நன்கு வளர்ந்த வேப்பமரங்கள் பல நின்றால், அங்கே நீண்ட நாள் தண்ணீர் நிற்பதில்லை என்று கொள்ளலாம். வேம்பு வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது.

சீமைக் கருவேலையும் பனையையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அவை மேட்டிலும் வளரும், பள்ளத்திலும் வளரும். நாட்டுக் கருவேலிலும் எச்சரிக்கை தேவை. 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளின் உட்பகுதிகளில் வனத்துறையினர் கருவேலை நட்டார்கள். நட்ட மரம் நட்டவரின் விருப்பத்தைத்தான் சொல்லும். தரையைப் பற்றி அறிய, மரத்தடியில் தானாக முளைத்த பூண்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் சாட்சி: மண்

மூன்றிலும் நம்பத்தக்கது இதுவே. கோடையிலும் இது மறையாது. பள்ளத்தின் நடுவில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். பக்கவாட்டு மண்ணை ஒரு கட்டியாக எடுத்து, சற்று ஈரப்படுத்தி, வெயிலில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்த ஆணியைப் போன்ற செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிகின்றனவா? அப்படியானால் அங்கே நீர் நெடுநாள் நின்றிருக்கிறது.

காரணம் எளியது. மண்ணுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இரும்புச் சத்து. தண்ணீர் தேங்கும்போது மண்ணில் காற்று தீர்ந்துவிடுகிறது. அப்போது நுண்ணுயிர்கள் இரும்பை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது கரைந்து நகர்கிறது, மண் வெளுத்துச் சாம்பலாகிறது. தண்ணீர் வற்றும்போது வேர்த் துளைகள் வழியாகக் காற்று புகுந்து, அந்த இடங்களில் மட்டும் துரு படிகிறது. உங்கள் நெல் வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே வெட்டினால் இதே அடையாளத்தைக் காணலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கரையோர மணல் நிலங்களில் இரும்பு குறைவாக இருப்பதால் இந்த நிற மாற்றம் தெளிவாகத் தெரியாது. வாய்க்கால் வெட்டிப் பல ஆண்டுகளுக்கு முன்பே வடித்துவிட்ட நிலத்திலும் பழைய நிறம் தங்கியிருக்கும். ஆகவே மூன்றாம் சாட்சியையும் கேட்க வேண்டும்.

மூன்றாம் சாட்சி: தண்ணீர்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலோ தையிலோ போய்ப் பாருங்கள். தரைமட்டத்திலிருந்து ஓரடிக்குள் தொடர்ந்து இரண்டு வாரமாவது தண்ணீர் நின்றால் அது வலுவான சாட்சி. மழை பெய்த மறுநாள் நிற்கும் குட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாளில் வடிந்துவிடுகிற பள்ளம் ஈரநிலமாகாது.

கோடையில்தான் போக முடிகிறது என்றால் தடயம் தேடுங்கள். அடிமரங்களில் ஒரே உயரத்தில் நீர்க்கோடு, பட்டையில் வண்டல், தாழ்ந்த கிளைகளில் சிக்கிய சருகு, தரையில் நத்தை ஓடு, நண்டு வளை, காய்ந்து உரிந்த பாசி. இவையெல்லாம் தண்ணீர் எழுதிவைத்த கணக்கு. மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரையும் கேளுங்கள். எந்த மாதம் மாடு அங்கே இறங்காது என்று அவர் சொல்லிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஈரநிலம் என்று சொன்னால் நம் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல் வயல்களையும், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ஆகவே நெல் பயிரிடுபவர் இந்த விதிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எனக்குக் கவலை வேறு பக்கத்தில். இந்த விலக்கைக் காட்டி, ஏரிக்கு மேலுள்ள மரப்பள்ளங்களையும் சிறு தாங்கல்களையும் வெறும் தரிசு என்று சொல்லி மண் கொட்டித் தூர்த்துவிட முடியும். நம் மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஆனால் நீர்நிலை என்று பதிவேட்டில் இல்லாத பள்ளத்துக்காக யார் வாதாடுவார்கள்?

அத்தகைய பள்ளம் மழைநீரைத் தடுத்து நிறுத்துகிறது. வண்டலைத் தன்னிடமே படிய வைத்துக்கொண்டு தெளிந்த நீரை ஏரிக்கு அனுப்புகிறது. மெல்ல ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு நீர் கொடுக்கிறது. அதைத் தூர்த்தால் நஷ்டம் தூர்த்தவருக்கு அல்ல. கீழே இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் கிணறு பங்குனியிலேயே வற்றும். அதே நிலம் ஐப்பசியில் வெள்ளத்தில் மூழ்கும்.

செய்ய வேண்டியது

ஆகவே விவசாயிகளுக்கு நான் சொல்வது இதுதான். மரம் உள்ள தாழ்ந்த நிலத்தை வாங்குவதற்கு முன் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு முறை பாருங்கள். குழி வெட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே நம்பரும் அதைச் சுற்றியுள்ள நம்பர்களும் ஏரி, தாங்கல், ஓடை என்று இருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொது நிலத்திலுள்ள தோப்புகளில் இந்தச் சோதனையைச் செய்து, முடிவை மே 1, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். இளைஞர்கள் நாலு பேரும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை.

மதுராந்தகம் ஏரியின் கரை உடையாமல் ராமர் காத்தார் என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்த ஏரிக்கும் மற்ற ஏரிகளுக்கும் மேலே மரங்களுக்கிடையில் மறைந்திருக்கும் தாங்கல்களை நாம்தான் காக்க வேண்டும். இந்தக் கோடையிலேயே ஒரு குழி வெட்டிப் பாருங்கள்.