சரித்திரப் படிப்பு பரீட்சைக்கா, புத்திக்கா?

நமது கன்னியாகுமரி ஜில்லா படிப்பில் முன்னேறியது என்று பெருமை பேசப்படுகின்றது. 2011-ஆம் வருஷ ஜனக்கணக்கின்படி இங்கு ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 91.75 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால், சரித்திரத்தைத் தாமாகவே படித்துப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், "இது கேள்வியில் வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வராதென்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. இதனால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

மத்திய செகண்டரி கல்வி போர்டார் 2016 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு சரித்திரப் புத்தகத்தில் திருவாங்கூர்த் தோள்சீலைக் கலகத்தைச் சொல்லும் பகுதியிலிருந்து 2017 பரீட்சையில் கேள்வி வராது என்பது அதன் சாரம். 2019-இல் அந்தப் பாடம் முழுவதுமே எடுபட்டது. நாடார் சமூகத்தைப் பற்றி அதில் இழிவான வரிகள் இருப்பதாக 2012-லேயே தமிழ்நாட்டில் ஆட்சேபம் எழுந்தது வாஸ்தவம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் நாம் கேட்கிறோம்: கணக்குப் புத்தகத்தில் ஒரு விடை தப்பாயிருந்தால் விடையைத் திருத்துவார்களா, கணக்கையே கிழித்தெறிவார்களா?

அப்படிக் கிழிக்கப்பட்டது எவருடைய சரித்திரம்? பழைய தென் திருவாங்கூராகிய இதே மண்ணில், மாரை மறைத்த குற்றத்திற்காகச் சீலை கிழிக்கப்பட்டு அடிபட்ட நமது பாட்டிமாரின் சரித்திரமல்லவா? 1822 முதல் 1859 வரை அவர்கள் போராடினார்கள். 1829-இல் சர்க்கார் உத்தரவே அவர்களுக்கு விரோதமாக வந்தது.

"1859-இல் மகாராஜா அனுமதி கொடுத்தார்" என்று ஒரு வரியை உருப்போட்டு மார்க்கு வாங்கிவிடலாம். தாமே தேடிப் படிப்பவருக்கோ அந்த உத்தரவையே பார்க்கத் தோன்றும். அதில் என்ன இருக்கிறது? ரவிக்கை போடலாம்; முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி சுற்றலாம்; எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம்; ஆனால் மேல்ஜாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக்கூடாது! சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு வந்த உத்தரவின் யோக்கியதையே இது. "கொடுத்தார்" என்ற ஒரு சொல்லுக்குள் போராடினவர்களும் மறைந்தார்கள், ஜாதித் திமிரும் மறைந்தது.

பரீட்சையே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. மார்க்கு இல்லாவிட்டால் காலேஜில் இடமில்லை என்பது நமக்கும் தெரியும். ஆனால் பாடத்தில் பத்துப் பக்கம் படித்தால் அதற்கு வெளியே ஒரு பக்கமாவது படிக்கலாகாதா? எந்தப் பக்கமானாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எழுதியவர் யார்? ஆதாரம் என்ன? இதில் யாருடைய பேச்சு காணப்படவில்லை?

தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்தவர். அவர் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்தெழுதினார். எந்தப் பரீட்சையில் தேறுவதற்காக அதைச் செய்தார்? சுசீந்திரம் கோவில் கல்வெட்டுகள் நமது ஊரிலேயே இருக்கின்றன. 1936 நவம்பர் 12-ந்தேதி ஆலயப் பிரவேச உத்தரவு வரும்வரை நம்மில் பெரும்பாலோர் அவற்றின் கிட்டேயும் போக முடியாது. இன்று தடையில்லை, படிக்கப் போகிறவர் எத்தனை பேர்?

கேள்வித்தாள் தயாரிப்பவர் எதை விட்டாரோ அதையே முதலில் படிப்பதுதான் தானே படிப்பதன் பலன். வாலிபர்களும் பெண்மக்களும் இதை ஆலோசிப்பார்களாக.