நம்மவர் என்று யாரைச் சொல்வது?

அயல்நாட்டில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பதவி கிடைத்துவிட்டால் போதும், இங்கே நமக்குத் தலைகால் புரிவதில்லை. கமலா ஹாரிஸ் 2021-ல் அமெரிக்காவின் உபஜனாதிபதியானபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். சுந்தர் பிச்சை 2015-ல் கூகிளின் தலைமை ஸ்தானத்துக்கு வந்தார். அன்று முதல் அவரைச் சொந்தம் கொண்டாடாத மதுரைக்காரர் உண்டா? சந்தோஷப்படுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கோடுதான் எனக்குச் சண்டை.

1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகு நம் டாக்டர்களும் எஞ்சினீயர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, "எங்கள் பள்ளிக்கூடத்தில் மக்குப் பையனே கிடையாது" என்று ஒரு ஹெட்மாஸ்டர் மார்தட்டினால் எப்படி இருக்கும்? 'இந்திய மூளை' என்று நாம் பேசுவதில் பாதி அந்த ரகந்தான்.

2003 முதல் நம் சர்க்கார் ஜனவரி 9-ந் தேதியை வெளிநாடு வாழ் இந்தியர் தினமாக வைத்திருக்கிறது. 1915-ல் அதே தேதியில்தான் காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிப் பம்பாயில் வந்து இறங்கினார். நல்ல நாள்தான். ஆனால் அங்கே அவருக்குப் பின்னால் நின்றவர்கள் யார்?

1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலி. முதல் வருஷத்தில் மாதம் பத்து ஷில்லிங். பிறகு இன்னும் பல கப்பல்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895-ல் ஒரு வரி போட்டார்கள்: ஆளுக்கு வருஷம் மூன்று பவுன். பத்து ஷில்லிங் கூலிக்காரனுக்கு அது ஆறு மாதச் சம்பளம்! பின்னால் வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் அதைக் கட்டினார்கள். 1913-ல், கைக்குழந்தைகளைச் சுமந்த தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், "வேலையை நிறுத்துங்கள்" என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் நிறுத்தினார்கள். பெண்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல். அதே போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. ஜுரத்தோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரியில் இறந்தாள். அந்த வருஷமே வரி ரத்தாயிற்று. ஊர் திரும்பிய காந்திஜி சில மாதங்களுக்குள் அவளுடைய பெற்றோரின் பூமியான தில்லையாடிக்கு வந்துவிட்டுப் போனார்.

"விழா நாளில் எதற்கு ஐயா கூலிக்காரர் புராணம்? சாதனையைப் பற்றிப் பேசும்" என்பார் ஓர் அன்பர். நான் வேறு எதைப் பற்றிப் பேசுகிறேன்? பெரும்பாலும் கைநாட்டுப் பேர்வழிகளான ஒரு கூட்டம் அந்நிய மண்ணில் ஒரு சர்க்காரைச் சட்டத்தை வாபஸ் வாங்கச் செய்தது. எந்தக் கம்பெனித் தலைவர் இதைவிடப் பெரிதாக என்ன சாதித்துவிட்டார்?

இன்னொன்று. கடல் கடந்து போய்த் திரும்பிய ஒருவரின் நாளைக் கொண்டாடுகிறோமே, திரும்பிய மற்றவர்களை என்ன செய்தோம்? இலங்கை மலைகளில் காபியும் தேயிலையும் வளர்த்த நம் ஜனங்களை 1948-ல் அந்த நாடு பிரஜைகள் அல்ல என்றது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிளகாய் மூட்டையைப் பங்கு போடுகிறவன்கூடத் தராசைக் கொண்டுவருவான். இங்கே யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டன் பிறந்த ஊரின் பெயர்கூட மறந்துபோனவர்கள் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் காத்திருந்தார்கள். சிலருக்கு நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. விட்டுவந்ததும் தேயிலை, வந்து பறித்ததும் தேயிலை. அங்கே அவர்கள் இந்தியக்காரர்கள். கூடலூர்ப் பக்கத்தில் இறங்கியதும் சிலோன்காரர்கள். அவர்களுக்கு யாரும் பட்டாசு வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஜனவரி 9-க்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் அதிகாரிகள், கோட்டகிரிக்கும் கூடலூருக்கும் ஒரு கட்டு அனுப்பி வைக்கட்டும். விலாசம் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.