இங்கிலீஷ் என்ன வேத மந்திரமா?

சில தினங்களுக்கு முன் நாமக்கல் ஜில்லா காளப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக நாம் போயிருந்தோம். அது கொல்லிமலை அடிவாரத்திலுள்ள ஊர். அங்கிருந்து காரவள்ளிக்குப் போய், 70 கொண்டையூசி வளைவுகளையும் சுற்றி ஏறினால்தான் மலைமேல் போய்ச் சேரலாம். கூட்டத்துக்கு நேரமிருந்தபடியால் ஒரு டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்த ஒரு பெரியவர் நம்மைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்க சாமி இல்லேங்கறவங்கன்னு தெரியுமுங்க. இருந்தாலும் கேக்கறேன். எம் புள்ளெ காலேஜ் முடிச்சிருச்சுங்க. இங்கிலீசு மட்டும் வாயில வரமாட்டேங்குது. கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப் போனா நாக்குத் திறக்கும்கறாங்க. போய் வர இந்த மொளகு மூட்டை பத்துமுங்களா?" என்றார்.

விசாரித்தோம். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசற்படி மிதித்தவள் அந்தப் பெண்தான். பரீட்சைகளிலெல்லாம் நல்ல மார்க்கு. இங்கிலீஷ் பாடத்தில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மார்க்காம். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு நேர்முகம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "உன்னைப் பற்றிச் சொல்" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். தன் பெயர், தன் ஊர், தன் தகப்பனார் செய்யும் விவசாயம் ஆகியவைகளைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டாள். அது முதல் மூன்று மாதமாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். ஒருவன் தாயத்துக் கட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போனான். இன்னொருவன் 30 நாளில் இங்கிலீஷ் பேச வைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்தான். இப்போது மூன்றாவதாகக் கோயில்!

நாம் இந்தப் பெரியவரை ஒரு கேள்வி கேட்டோம். "மலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் மிளகு எப்படி விற்கிறீர்கள்?" என்றோம். "அதுக்கென்னங்க, வடநாட்டுக்காரன் வந்தா 'சார், பெப்பர் வெரி குட், மை தோட்டம், ஒன் கிலோ டேக் சார்'னு சொல்லுவனுங்க. வாங்கிக்குவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

தோழர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத தகப்பன் இங்கிலீஷ் பேசுகிறான், சரக்கும் விற்கிறான். ஒரு டஜன் வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் படித்து, பக்கம் பக்கமாக எழுதி, மார்க்கும் வாங்கின மகள் ஊமையாக நிற்கிறாள். இதற்கு என்ன காரணம்? அப்பனுக்கு சரஸ்வதி கடாட்சம் அதிகமா? இல்லை. தகப்பனுக்கு அது பாஷை. மகளுக்கு அதை மந்திரமாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மந்திரத்தின் யோக்கியதை என்ன என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. துவஷ்டா என்பவன் இந்திரனைக் கொல்லத்தக்க ஒரு பிள்ளை வேண்டுமென்று யாகம் செய்தானாம். மந்திரத்தில் 'இந்திரசத்ரு' என்ற ஒரு சொல்லைச் சுரம் பிசகி உச்சரித்துவிட்டானாம். அதனால் பிறந்த விருத்திரன் இந்திரனைக் கொல்வதற்குப் பதிலாக இந்திரனாலேயே கொல்லப்பட்டானாம். உச்சரிப்புப் பிசகினால் உயிர் போகும் என்று பயமுறுத்தவே இக்கதை கட்டப்பட்டது. பிசகாமல் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவனே, ஆகவே நீ வாயை மூடு, எனக்குத் தட்சணை கொடு என்பதுதான் இதன் உள்கருத்து. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று எழுதிவைத்ததும் இதே காரியத்துக்காகத்தான்.

இன்று அந்த வேதத்தை நாம் சட்டை செய்வதில்லை. ஆனால் அந்தப் பயத்தை மாத்திரம் பத்திரமாக எடுத்து வந்து இங்கிலீஷின் மேல் போர்த்திவிட்டோம். பள்ளிக்கூடத்தில் நடப்பது என்ன? உபாத்தியாயர் ஒரு வரி படிக்கிறார், தமிழில் அர்த்தம் சொல்லுகிறார், கேள்விக்குப் பதிலை எழுதிப்போடுகிறார். பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். பரீட்சையில் கை எழுதுகிறது. வாய்க்கும் காதுக்கும் அங்கே வேலையே கிடையாது. அர்த்தம் புரியாமல் புரோகிதன் ஓதுவதற்கும் இதற்கும் என்ன பேதம்? எந்தப் பிள்ளையாவது துணிந்து ஒரு வாக்கியம் பேசினால், அதில் ஒரு 'இஸ்' குறைந்துபோனால், வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் நம் பிள்ளைகளின் காதில் ஊற்றப்படும் ஈயம்!

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்குப் படிக்கக்கூடாது என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் என்பதால் மறுநாள் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். ஆனால் நம்மவர்களோ தங்கள் இங்கிலீஷை வருஷம் 365 நாளும் பூசையில் வைத்துவிட்டு, தொட்டால் குற்றம் என்று தூர நின்று கும்பிடுகிறார்கள். அப்புறம் அது வாயில் எப்படி வரும்?

இங்கு மற்றொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். ஐக்கிய மாகாணம் என்று முன்பு சொல்லப்பட்ட உத்தரப்பிரதேசத்தில், லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் பாங்கா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 2010-ஆம் வருஷத்தில், சந்திரபான் பிரசாத் என்ற எழுத்தாளரின் முயற்சியால், தாழ்த்தப்பட்ட தோழர்கள் இங்கிலீஷ் தேவிக்கு ஒரு கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைப் போன்ற உருவம், தலையில் தொப்பி, கையில் பேனா, காலுக்குக் கீழே கம்ப்யூட்டர்! இதைக் கேட்டு மேல்ஜாதிக்காரர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கமாட்டோம். சமஸ்கிருதம் தங்களை வெளியே தள்ளிய கதவு, இங்கிலீஷ் தாங்கள் நுழையக்கூடிய கதவு என்பதை அத்தோழர்கள் கண்டுகொண்டார்கள். அது பூரா உண்மை. 1930-இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் தீண்டப்படாதார் கஷ்டத்தை உலகமறிய எடுத்துச் சொன்னது எந்தப் பாஷையில்? ஆகவே அவர்களது நோக்கத்தை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆனால் வழியை ஆதரிக்க முடியாது. தேவி என்று ஆக்கிவிட்டால் பூசாரி வருவான். பூசாரி வந்தால் தட்சணை வரும். கடைசியில் தேவியின் காலில் விழத் தெரியுமே தவிர, தேவியின் பாஷையில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. கதவைக் கும்பிட்டு என்ன பிரயோஜனம்? திறந்துகொண்டு போக வேண்டாமா?

"தப்பாகப் பேசினால் மானம் போகுமே" என்பார்கள். யார் மானம்? வெள்ளைக்காரன் நம் நாட்டுக்கு வந்து தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றான். திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாபோலி' என்றான். கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்றும், மிளகுத்தண்ணியை 'மல்லிகடானி' என்றும், சுருட்டைச் 'செரூட்' என்றும் சொல்லி, அவைகளைத் தன் அகராதியிலேயே ஏற்றிக்கொண்டான். ஒரு நாளாவது வெட்கப்பட்டானா? 'ழ' அவன் நாக்கில் வரவில்லை என்று எந்தத் தமிழ்ப் பண்டிதராவது அவனைப் பெஞ்சியின் மேல் ஏற்றினாரா? கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு இந்நாட்டுப் பாஷைகளைக் கற்பிப்பதற்கென்றே 1812-இல் சென்னையில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்படுத்தினார்கள். வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் பாஷை வேண்டியிருந்தது, கற்றான். அவன் தப்புத் தப்பாகத் தமிழ் பேசியே நம்மை ஆண்டுவிட்டுப் போனான். நாம் தப்பில்லாமல் இங்கிலீஷ் எழுதி அடிமையாகவே இருக்கிறோம்!

நம் ஜில்லாவிலேயே பாருங்கள். நாமக்கல் லாரி டிரைவர் எத்தனை பேர் நாக்பூருக்கும் ஆமதாபாத்துக்கும் போய் வருகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளி ஊர் ஊராகப் போர் போடுகிறான். இவர்களில் அநேகர் தெலுங்கும், கன்னடமும், இந்தியும் பேசுகிறார்கள். எந்த இலக்கணப் புத்தகம் படித்தார்கள்? முதல் நாள் டீசல் கேட்டான், மறுநாள் வழி கேட்டான், மூன்றாம் நாள் செக்போஸ்டுக்காரனிடம் சண்டையே போட்டான். சட்டம் போட்டு அவன் தலையில் யாரும் கட்டவில்லை. தேவை வந்தது, பேசினான். கிணற்றில் இறங்காமல் கரையிலிருந்தே நீச்சல் கற்றவன் எவன்?

இனி, "தமிழுக்குத் துரோகமல்லவா?" என்று கேட்கும் தமிழன்பர்களுக்கும் பதில் சொல்லிவிடுவோம். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர் ஜெயிலுக்குப் போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்திலேயே உயிரைக் கொடுத்தார்கள். 1965-இல் மாணவர்கள் துப்பாக்கிக்கு மார்பு காட்டினார்கள். 1968 ஜனவரி 23-இல் தமிழும் இங்கிலீஷும் போதும் என்று சட்டசபை தீர்மானித்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கின இங்கிலீஷை நாம் வாயில் வைக்காமலிருப்பது யாருக்குத் துரோகம்? பெரியாரும் தமது கடைசிக் காலத்தில், வீட்டிலேயே இங்கிலீஷில் பேசிப் பழகுங்கள் என்று பச்சையாக எழுதினார். அப்போது கோபித்துக்கொண்ட பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தப் பாஷையில் பேசிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை விசாரித்துப் பாருங்கள். தமிழ் நம் வீட்டிலும், வீதியிலும், சர்க்காரிலும் இருக்கட்டும். இங்கிலீஷ் நம் கையிலுள்ள கடப்பாரையாக இருக்கட்டும். கடப்பாரையைப் பிடிப்பதால் கை அறுந்துவிடாது.

ஆகவே என்ன செய்வது? அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம். கிராமத்தில் பத்துப் பேர் சேருங்கள். பெண்கள் பாதிப்பேராவது இருக்கவேண்டும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரமும் இங்கிலீஷில்தான் பேச்சு. ராஜா ராணி கதை வேண்டாம். இன்று மரவள்ளிக்கிழங்கு என்ன விலைக்குப் போயிற்று, பஸ் ஏன் வரவில்லை, அடுப்பில் என்ன சமையல், யாருக்குக் காய்ச்சல் என்பவைகளைப் பேசுங்கள். தமிழில் 'நான் சோறு தின்றேன்' என்று வினையைக் கடைசியில் வைக்கிறோம். இங்கிலீஷில் 'ஐ ஏட் ரைஸ்' என்று வினை நடுவில் வந்து உட்காருகிறது. நம்மவர் தடுமாறும் முக்கியமான இடம் இதுதான். விதியை நூறு தடவை எழுதினாலும் இது வராது. வாயால் நூறு தடவை சொன்னால் தானே வரும். கையிலுள்ள டெலிபோனில் பாட்டுக் கேட்பதோடு நில்லாமல், உங்கள் குரலையே பதிந்து கேட்டுப் பாருங்கள். நேற்றைய தப்பு இன்று உங்கள் காதுக்கே தெரியும். திருத்துகிறவர் கடைசியில் திருத்தட்டும், நடுவில் குறுக்கிட வேண்டாம். ஒரே ஒரு சட்டம் மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். தப்பாகப் பேசினவருக்கு அபராதமில்லை. சிரித்தவருக்கு அபராதம்!

நாம் இதைச் சொல்லி முடித்ததும் பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப எம் புள்ளைக்கு நானே வாத்தியாராகலாம்கறீங்களா?" என்று கேட்டார்.

"தாராளமாக ஆகலாம். உங்களிடம் இருக்கிற ஒன்று உங்கள் மகளிடம் இல்லை. வெட்கப்படாமல் பேசுகிற தைரியம் உங்களிடம் இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுங்கள். அவளிடம் இருக்கிற வார்த்தைகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிளகு விற்க உட்காரும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்" என்றோம்.

அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். கூத்தனூர்ச் செலவைப் பற்றி அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தோழர்களே! வாயில்லாதவன் பொருளை எவனும் நல்ல விலைக்கு வாங்கமாட்டான். வாயில்லாதவன் உரிமையை எவனும் மதிக்கமாட்டான். நம் பிள்ளைகளின் வாயை மூடிவைத்திருப்பது இங்கிலீஷ் அல்ல, பயம். வேதத்துக்குப் பயப்படாத நாம் ஒரு பாஷைக்கு ஏன் பயப்படவேண்டும்? இன்று சாயங்காலமே பத்துப் பேர் உட்காருங்கள், தப்பாகவே பேசத் துவங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.