ஒரு பாடல் போதும்

‘அவர் பாடியது ஒரே ஒரு பாட்டுத்தானே!’ என்று உதட்டைப் பிதுக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றி வருகிறது. மெல்லிசை மேடையில் இதனைக் கேட்கிறோம்; விழாவுக்குப் பாடல் தெரிவு செய்ய அமர்ந்தோரிடம் கேட்கிறோம்; வீட்டுக் கூடத்திலும் கேட்கிறோம். ஆயிரக்கணக்கில் பாடியவரே கலைஞர், ஒன்றோடு அறியப்பட்டவர் தோற்றவர் என்பது இவ்வழக்கின் உட்கிடை. ஆங்கிலத்தார் பாதி வியப்பும் பாதி ஏளனமுமாக ‘ஒன் ஹிட் வொண்டர்’ என்று இட்ட பெயரில், வியப்பை விட்டுவிட்டு ஏளனத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். இது தமிழ் மரபுக்கு ஒவ்வாதது. நியாயமும் அற்றது என்பதே நம் வாதம்.

சங்கம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் நாம், முதற்சான்றாகச் சங்கத் தொகைகளையே அழைப்போம். அவற்றில் பாடிய புலவர் 473 பேர் என்பது அறிஞர் கணக்கு. அவருள் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பாடல். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் யார்? அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்குகிறோம். அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனத் தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்றோர் பலர். ‘ஒரு பாட்டுத்தானே’ என்று அன்றைய தொகுப்பாளர் தள்ளியிருப்பின், தமிழின் தலைசிறந்த காதற்பாடல்கள் சில இன்று நமக்கு இல்லை. பெயர் மறைந்தவர்க்கும் பெயர் படைத்துக் காத்தது அந்த மரபு. பெயர் தெரிந்தவரையும் மறைப்பது நம் காலத்து மேடை.

இனி மெல்லிசைக்கு வருவோம். இலங்கையில் பிறந்த தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடிகளுள் ஒருவர் ஏ. ஈ. மனோகரன். அவர் பாடிய பாடல்கள் பல, படங்களிலும் நடித்தார். ஆயினும் கடல் கடந்து மக்கள் நாவில் நின்றது ‘சுராங்கனி’ ஒன்றே. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக் கரையில் ஊன்றிய பைலாத் தாளம். காதலிக்கு மீன் கொண்டுவரும் எளியவன் ஒருவன். கேட்டதும் தாளமிடத் தூண்டும் துள்ளல். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில், அம்மெட்டு தமிழ்த் திரைக்கும் வந்தது. மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் மறைந்தார். பாட்டு மறையவில்லை. மீனும் கடலுமே வாழ்வாகக் கொண்ட நம் தீவுகளில் அப்பாட்டுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

‘சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு அது, மொழியைக் கெடுப்பது’ என்பார் உளர். தூய தமிழ்ப்பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் இந்தியும், அண்டை வீட்டில் வங்காளமும் தெலுங்கும் ஒலிக்கும் தீவில் வாழும் நாம், இரு மொழியார் கூடி வாழ்ந்த கரையில் எழுந்த ஒரு பாட்டை எந்த வாயால் பழிப்பது? தமிழ் எழுத்தறியாத நம் பேரப்பிள்ளைகளும் அதன் தமிழடிகளைப் பிழையின்றிப் பாடுவார்களாயின், அது மொழிக்குக் கேடா, துணையா என்பதை நடுநிலையாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

‘ஒன்று வென்றது தற்செயல், பல வென்றால்தான் திறமை’ என்பது மற்றொரு தடை. உண்மை இதற்கு நேர்மாறானது. புகழ்பெற்ற பாடகரின் நூறாவது பாட்டு, முதல் தொண்ணூற்றொன்பதின் தோள்மேல் ஏறி வருகிறது. பாதிப் பாட்டு மோசமாயினும் பெயர் அதனைத் தாங்கும். ஒற்றைப் பாட்டுக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. ‘ரோஜா’ 1992இல் வந்தபோது ‘சின்னச் சின்ன ஆசை’யைப் பாடிய மின்மினியின் பெயரைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்? பாட்டு தன் காலில் நின்றே நாடெங்கும் நடந்தது. மறு ஆண்டே அவர் குரல் தடைப்பட்டது. அவர் வேறு பாடல்களும் பாடியவர்தாம். எனினும் பெரும்பாலோர் நினைவில் அந்த ஒன்றே நிற்கிறது. இதனைத் தோல்வி என்பவர் இசையைக் கேட்பவர் அல்லர், எண்ணிக்கையைக் கூட்டுபவர்.

இன்னொன்றும் உண்டு. ‘ஒன்றே பாடினார்’ என்பது பெரும்பாலும் பாடியவரின் குறையன்று, கேட்டவரின் செவிக்குறை. 1990களில் உலகையே ஆட்டிவைத்த ‘மக்கரீனா’வைப் பாடிய லோஸ் டெல் ரியோ இருவரும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஸ்பெயினில் பாடிவந்தவர்கள். வெளியுலகம் அவர்களை ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு, ‘ஒன்றுதான்’ என்று தீர்ப்பும் எழுதிற்று.

இத்தீர்ப்பு நம்மையும் தொடும் என்பதனாலேயே இத்துணை அழுத்திச் சொல்கிறோம். 1964 சிறீமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின் விளைவாக மலையகத்தை விட்டு வந்தோரில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. அலை கொண்டுபோன பொருள்களுக்குக் கணக்கெடுக்கலாம். பாட்டுகளுக்கு யார் கணக்கெடுப்பது? ஒரு பாட்டி தாலாட்டு ஒன்றே அறிந்திருப்பார். ஒரு முதியவர் கொழுந்து பறித்த காலத்துப் பாட்டு ஒன்றே நினைவில் வைத்திருப்பார். அவர்களும் ‘ஒரு பாட்டுக்காரர்’தாம். இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். அப்பணி நம் தீவுகளுக்கும் உரியது.

எனவே நாம் கோருவன மூன்று. முதலாவது, நம் மேடைகளில் எப்பாட்டு ஒலிப்பினும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லுக. வானொலி அறிவிப்பாளர்கள் தவறாது கடைப்பிடித்த அந்நன்னெறி, நடிகர் முகத்தை மட்டும் காட்டும் கைப்பேசிக் காலத்தில் அழிந்துவருகிறது. இரண்டாவது, ஆண்டுதோறும் ஒரு மாலைப்பொழுதை ஒற்றைப் பாடலால் நின்றவர்களுக்கென ஒதுக்குக. மூன்றாவது, அதே கைப்பேசியைக் கொண்டு வீட்டு முதியோரின் பாட்டை, அவர் பெயரோடும் ஊரோடும் பதிந்து வைக்குக. இதற்கு நிதி வேண்டா, குழு வேண்டா, காது கொடுக்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.

செம்புலப்பெயனீரார் இரண்டாம் பாட்டு ஏன் பாடவில்லை என்று தமிழுலகம் இதுவரை கேட்டதில்லை. முதற்பாட்டை மறவாதிருத்தலே தன் கடன் என்று அது கொண்டது. நம் கடனும் அதுவே.