கடைசி வெளியீடும் கடைசித் தேதியும்

2024 ஆகஸ்ட் 31 அன்று டெபியன் லினக்ஸ் 11.11 வெளியானது. 'புல்ஸ்ஐ' என்ற பெயரோடு 2021 ஆகஸ்டில் பிறந்த 11-ஆம் வரிசைக்கு அதுவே கடைசி வெளியீடு. (புல்ஸ்ஐ என்பது 'டாய் ஸ்டோரி' படங்களில் வரும் குதிரை. டெபியன்காரர்கள் எல்லா வரிசைக்கும் அந்தப் படங்களிலிருந்தே பெயர் எடுப்பார்கள்!) அப்போது நான் முதல் வருஷம். லேபில் இதைச் சொன்னதற்கு, "ஓடுற மெஷினுக்கு ஏன்டா கருமாதி பண்றே?" என்று கேட்டான் பக்கத்து சீட் நண்பன். நியாயமான கேள்விதான்.

முதலில் 'ஸ்டேபிள்' என்றால் என்ன? உறுதியானது என்பதைவிட 'மாறாதது' என்று சொல்வதே சரி. வெளியான பிறகு அதில் புது வசதி எதையும் திணிக்க மாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டைகளையும் பெரிய பிழைகளையும் மட்டும் அடைப்பார்கள். அப்படி அடைத்ததையெல்லாம் அவ்வப்போது ஒரு மூட்டையாகக் கட்டி 11.1, 11.2 என்று வெளியிடுவார்கள். ஒழுங்காக அப்டேட் செய்து வந்தவனுக்கு 11.11-ல் புதுசாகப் பெரிதாய் ஒன்றும் கிடையாது. அதன் பிறகு 11.12 வராது, அவ்வளவுதான். முதல் மூன்று வருஷம் பார்த்துக்கொண்ட குழு கைமாற்றிவிட, நீண்டகால ஆதரவுக் குழு என்று இன்னொன்று 2026 ஆகஸ்ட் 31 வரை ஓட்டை அடைக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். மொத்தம் ஐந்து வருஷம்.

அந்தத் தேதிக்கு மறுநாள் மெஷின் நின்றுவிடாது. அதுதான் ஆபத்தே! நின்றுவிட்டால் யாராவது கவனிப்பார்கள். ஓடிக்கொண்டே இருக்கும், அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை மட்டும் அடைபடாமல் திறந்தே கிடக்கும். நெட் இணைப்பே இல்லாமல் மூலையில் ஒரு வேலையை மட்டும் செய்யும் மெஷின் என்றால் கொஞ்ச காலம் தள்ளலாம். ஆனால் நம் லேபில் ஒரு பென் டிரைவ் எத்தனை மெஷினுக்குள் போய் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கேயோ வெளிநாட்டில் நடக்கிற சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. சென்னை சி-டாக் தயாரிக்கும் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் அதில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்துகளில் பாதி அழிந்துபோன கீபோர்டு. ஆனாலும் ஆன் ஆகும். இரும்புக்கு ஆயுசு கெட்டி, அதற்குள் இருக்கும் மென்பொருளுக்குத்தான் ஆயுசு குறைவு.

இனி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். என் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் இருந்தார். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று கேட்டில் சொன்னார்கள். முந்தின வாரம் சொல்லியிருந்தால்கூட அவர் வேறு இடம் பார்த்திருப்பார். எனக்கு அந்த செமஸ்டர் பீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்காது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒரு தேதியின் விலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். மென்பொருளும் வேலையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் முடிவை மறைக்காமல் சொல்கிறவனை நம்பலாம் என்பது இரண்டுக்கும் பொது.

லினக்ஸ் உலகத்தில் எல்லோரும் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். சர்வர்களில் பரவலாக இருந்த சென்ட்ஓஎஸ் கதையைக் கேளுங்கள். எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். நம்பிப் பலர் மாறினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 இறுதியோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள்! ஏழாம் பதிப்போ 7.9 என்ற கடைசி வெளியீட்டோடு, சொன்ன சொல் தவறாமல் 2024 ஜூன் 30 வரை வாழ்ந்தது. தம்பி முந்திப் போய்ச் சேர, அண்ணன் இரண்டரை வருஷம் கூட இருந்தான். கைவிடப்பட்டவர்களுக்காக 2021-லேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் வந்தன. மூல நிரல் திறந்து கிடந்ததால்தான் அது முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் இலவச ஆதரவு முடிந்ததே, அதை எடுத்து வேறு யாராவது தொடர முடியுமா? விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷினை என்ன செய்வது என்று பல ஆபீசுகளில் இன்னும் முழிக்கிறார்கள்.

டெபியனில் 11-லிருந்து 12, 12-லிருந்து 13 என்று காசில்லாமல் ஏறலாம். ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும், தாண்டக் கூடாது. இன்னொன்று, 2025 ஆகஸ்டில் வந்த 13-ஐ பழைய 32-பிட் கம்ப்யூட்டரில் நிறுவ முடியாது. அந்த மெஷின்களுக்கு 12-தான் கடைசிப் படி. அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. லேபில் 32-பிட் எத்தனை, 64-பிட் எத்தனை என்று யாரிடமும் கணக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. லேபில் ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவோம். சிஸ்டம் பெயர், பதிப்பு, ஆதரவு முடியும் தேதி - மூன்றே வரி. நாளைக்கு சிப்காட்டில் அப்ரண்டிஸாகப் போகும்போது அங்கேயும் கேட்போம்: "சார், இது எதுவரைக்கும்?" துறைத்தலைவர் அனுமதித்தால் சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் போதும். நானும் இன்னும் இரண்டு பேரும் தயார். 12-ம் 13-ம் ஏற்றிய பென் டிரைவ்கள் என் பையிலேயே இருக்கின்றன. சீட்டுக்கு கோந்து மட்டும் பேரவை வாங்கித் தரட்டும்.